காலிப்பருக்கு ஸ்டிக்கர் உண்டு, குழந்தையின் ஐ.க்யூ.வுக்கு?

டிஸ்கி: பதிவு நீளம். சூடும் கொஞ்சம் அதிகம். நான் டாக்டரும் இல்லை, உளவியலாளரும் இல்லை. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில், அளவுக் கருவிகளைச் சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். அதே சந்தேகத்தை இன்றைக்கு வேறொரு கருவி மீது திருப்பப் போகிறேன். அவ்வளவுதான்.

பெங்களூரில் பிள்ளை வளர்க்கும் எந்தத் தமிழ்க் குடும்பமும் இந்த இரண்டில் ஒன்றைச் சந்திக்காமல் தப்ப முடியாது.

ஒன்று, பள்ளியிலிருந்து வரும் அழைப்பு. "உங்கள் பையன் வகுப்பில் கவனிப்பதில்லை, ஒரு அசெஸ்மென்ட் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்." இரண்டு, அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போடப்படும் மேசை. பத்து விரலையும் ஸ்கேன் செய்து, உங்கள் பெண்ணுக்குக் கணக்கு வருமா, பரதம் வருமா, எஞ்சினியரா, வக்கீலா என்று வண்ணப் படங்களோடு நாற்பது ஐம்பது பக்க ரிப்போர்ட் தருகிறார்கள்.

முதலாவது பெரும்பாலும் நேர்மையான காரியம். இரண்டாவது பச்சைப் பொய். ஆனால் இரண்டிலும் பெற்றோர் கையில் கடைசியில் மிஞ்சுவது ஒன்றுதான்: ஓர் எண். அந்த எண்ணைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் கோபம். பேங்க் வட்டியில் கால் சதவீதம் குறைந்தால் மேனேஜரிடம் சண்டை போடுகிற மனிதர், தன் குழந்தையின் தலையில் ஒட்டப்பட்ட எண்ணைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்.

நான் சொல்ல வருவது இதுதான். பிழை எவ்வளவு, யாரோடு ஒப்பிட்டது, எந்த மொழியில் எடுத்தது என்ற மூன்றும் எழுதப்படாத எண், அளவீடே அல்ல. அப்படிப்பட்ட ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கடமையும் உண்டு.

எங்கள் ஊர் வழக்கம்

தொழிற்சாலையில் ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கடைசியாக எந்தத் தேதியில் காலிபரேஷன் செய்தது, அடுத்தது எப்போது என்று. தேதி தாண்டிய காலிப்பரை ஆபரேட்டர் கையில் எடுத்தாலே ஆடிட்டர் கண்ணை உருட்டுவார்.

அதோடு விடுவதில்லை. மூன்று ஆபரேட்டர்களைக் கூப்பிட்டு, பத்துப் பீஸ்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை அளக்கச் சொல்வோம். ஒரே ஆள் ஒரே பீஸைத் திரும்ப அளந்தால் அதே எண் வருகிறதா? ஆள் மாறினால் மாறுகிறதா? கருவியாலும் ஆளாலும் வரும் தடுமாற்றம் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல கருவி. 30-ஐத் தாண்டினால் தூக்கி ஓரமாக வை. ஆட்டோமொபைல் உதிரிபாகத் தொழிலில் இது அரிச்சுவடி.

நாற்பது ரூபாய் புஷ்ஷுக்கு இவ்வளவு பாடு. ஏழு வயதுக் குழந்தைக்கு?

உளவியல் சோதனைகளுக்கும் இதே கணக்கு உண்டு என்பதுதான் வேடிக்கை. அதை வகுத்தவர்களில் முதன்மையானவர் லண்டனைச் சேர்ந்த சார்லஸ் ஸ்பியர்மன். 1904-லேயே எழுதிவிட்டார், அளப்பதிலேயே பிழை இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று. அவரிடம் படித்துவிட்டு வந்த எம்.வி. கோபாலஸ்வாமிதான் 1924-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கினார். (1935-இல் மைசூரில் வானொலி நிலையம் தொடங்கிய அதே கோபாலஸ்வாமிதான்.) ஆக, அளவீட்டுப் பிழை என்ற சரக்கு நம் பெங்களூரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊருக்கு வந்து நூறு வருடம் ஆகிவிட்டது. ரிப்போர்ட்டில் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

நூறு என்பது நூற்றுக்கு நூறு அல்ல

பெங்களூரில் பெல் கர்வ் தெரியாத ஆள் கிடையாது. பொட்டி தட்டுகிற அத்தனை பேரும் அப்ரைசல் சமயத்தில் அதில் அடிபட்டவர்கள்தான். ஐ.க்யூ.வும் அதே வளைவுதான், ஒரு வித்தியாசத்தோடு. அங்கே மேனேஜர் ஆட்களைப் பிடித்து வளைவுக்குள் அமுக்குகிறார். இங்கே மதிப்பெண்ணை மாற்றி வளைவுக்குள் வைக்கிறார்கள்.

அதாவது, ஒரே வயதுள்ள நிறையக் குழந்தைகளுக்குச் சோதனை வைக்கிறார்கள். அவர்களுடைய சராசரிக்கு 100 என்று பெயர் வைக்கிறார்கள். சராசரியிலிருந்து மற்றவர்கள் எவ்வளவு தூரம் சிதறியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் அளவு திட்ட விலக்கம். அதற்கு 15 என்று பெயர் வைக்கிறார்கள். 85-க்கும் 115-க்கும் நடுவே சுமார் 68 சதவீதம் பேர். 70-க்கும் 130-க்கும் நடுவே சுமார் 95 சதவீதம் பேர். 70-க்குக் கீழே நூற்றுக்கு இரண்டு பேர் போல.

எனவே ஐ.க்யூ. என்பது சென்டிமீட்டர் மாதிரி தானாக நிற்கிற அளவு இல்லை. ரேஷன் கடை வரிசையில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்பது மாதிரி. வரிசையில் வேறு ஆட்கள் நின்றால் உங்கள் இடமும் வேறு.

இங்கே இன்னொரு குழப்பம். ரிப்போர்ட்டில் "பர்சன்டைல்" என்று ஒன்று போடுவார்கள். தமிழில் நூற்றுமானம். 50-ஆவது நூற்றுமானம் என்றால் நம் ஆட்கள், "ஐயோ, பாதி மார்க்தானா!" என்று பதறுகிறார்கள். அது மார்க் இல்லை ஐயா. நூறு குழந்தைகளை வரிசையில் நிறுத்தினால் உங்கள் பிள்ளை சரியாக நடுவில் நிற்கிறான் என்று பொருள். ஐ.க்யூ. 100 என்றால் அதுதான். 60-ஆவது நூற்றுமானம் என்றால் ஐ.க்யூ. சுமார் 104. இந்த நான்கு புள்ளி வித்தியாசத்துக்காக "என் பெண்ணுக்கு அறுபது, உன் பெண்ணுக்கு ஐம்பது" என்று லிஃப்டில் நின்று பெருமை பேசுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்த நான்கு புள்ளி எவ்வளவு பெறும் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

வரிசையில் நின்றவர்கள் யார்?

நம் நாட்டில் பரவலாகப் புழங்கிய சோதனைகளில் ஒன்று பினே-காமத் சோதனை. பிரான்ஸில் ஆல்ஃபிரட் பினே 1905-இல் செய்ததன் வழிவந்த சோதனையை, 1930-களில் வி.வி. காமத் தார்வாடு பக்கத்தில் கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளுக்காகத் தரப்படுத்தினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய உழைப்பு, தலைவணங்க வேண்டிய உழைப்பு. இன்னொன்று மாலின் சோதனை. அமெரிக்காவின் வெக்ஸ்லர் சோதனையை நாக்பூரில் இருந்த மாலின் நம் குழந்தைகளுக்காக மாற்றி அமைத்தது. 1960-களின் கடைசியில் வந்தது.

நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. நான் கேட்பது வேறு. 1930-களின் தார்வாடுக் குழந்தையோடும், 1960-களின் நாக்பூர்க் குழந்தையோடும், இன்றைக்கு ராமமூர்த்தி நகரில் பிறந்த தமிழ்க் குழந்தையை ஒரே வரிசையில் நிறுத்தினால் அந்த இடத்துக்கு என்ன பொருள்? புதிய சோதனைகளும் வந்திருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் பிள்ளைக்கு எதை எடுத்தார்கள், அதன் வரிசை எந்த வருடத்தில் எந்த ஊரில் நின்றது என்று ரிப்போர்ட்டில் தேடிப் பாருங்கள். பத்தில் எத்தனை ரிப்போர்ட்டில் கிடைக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

பழைய வரிசையில் ஒரு பக்கப் பிழை உண்டு. ஜேம்ஸ் ஃப்ளின் என்ற ஆய்வாளர் 1980-களில் எடுத்துக் காட்டினார்: பல நாடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை குழந்தைகள் இந்தச் சோதனைகளில் கூடுதலாக வாங்கிக்கொண்டே போனார்கள். அமெரிக்காவில் பத்து வருடத்துக்குச் சுமார் மூன்று புள்ளி. ஆக, பழைய வரிசையில் நிறுத்தினால் இன்றைய குழந்தை உண்மையைவிட உயரமாகத் தெரியும். உதவி தேவைப்படுகிற குழந்தை எல்லைக்கு மேலே போய், "ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போங்கள்" என்று அனுப்பப்படலாம்.

மொழியின் பிழை இதற்கு நேர் எதிர்த்திசை. நம் குழந்தைகளின் மொழி நிலைமை உங்களுக்குத் தெரியும். வீட்டில் தமிழ். கீழே விளையாடும்போது கன்னடம். பள்ளியில் இங்கிலீஷ். நடுநடுவே டிவி இந்தி. பம்பரத்தின் படத்தைக் காட்டி இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டால் குழந்தை முழிக்கும். அதற்குப் பம்பரம் தெரியும். புகுரி என்று கன்னடத்திலும் தெரியும். சுற்றவும் தெரியும், அடுத்தவன் பம்பரத்தைக் குத்தவும் தெரியும். டாப் என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. மார்க் சைபர். இப்போது நாம் அளந்தது அறிவையா, இங்கிலீஷையா?

இரண்டு பிழையும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நீளம் தவறிய ஸ்கேலும் தவறாகப் படிக்கிற கண்ணும் சேர்ந்தால் சரியான அளவு வராது. எது எவ்வளவு இழுத்தது என்று தெரியாத அளவுதான் வரும்.

இது புலம்பெயர்ந்தவர்களுக்குப் புதிய கதையும் இல்லை. 1913 வாக்கில் அமெரிக்காவில் ஹென்றி காடர்ட் என்பவரின் உதவியாளர்கள், நியூயார்க் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய இத்தாலி, ரஷ்யா, ஹங்கேரி ஆட்களுக்கும் யூதர்களுக்கும் மொழிபெயர்ப்பாளரை வைத்து பினே சோதனை கொடுத்தார்கள். சோதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் நான்கு பேர் போல மந்தபுத்தி என்று வந்தது! பல நாள் கடல் பயணம், புரியாத பாஷை, பயம். அதையெல்லாம் கருவி மூளைக் கணக்கில் எழுதிவிட்டது. பினே செய்ததே பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டுபிடித்து உதவுவதற்காக. இது மாற்ற முடியாத எண் என்று எடுத்துக்கொள்வதை அவரே எதிர்த்தார். அவர் கருவி அவர் கையை விட்டுப் போய் எட்டு வருடத்தில் இந்தக் கூத்து.

74 என்ற எண்

எங்கள் அடுக்ககத்தில் ஒரு குடும்பம். மதுரைப் பக்கம். வந்து ஒன்றரை வருடம். பையனுக்கு ஏழு வயது. பள்ளி சொன்னபடி ஒரு தனியார் மையத்தில் சோதனை எடுத்தார்கள். ஒன்றரைப் பக்க ரிப்போர்ட். நடுவில் தடித்த எழுத்தில் 74. கீழே "சிறப்புக் கல்வி பரிந்துரைக்கப்படுகிறது." எந்தச் சோதனை என்று ஒரு சுருக்கெழுத்து. எந்த மொழியில் என்று இல்லை. பையனைக் கேட்டால், "மிஸ் இங்கிலீஷ்லயே பேசினாங்க" என்றான்.

அப்பா என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணே, இதுல பாஸ் மார்க் எவ்வளவுண்ணே?"

"இது மார்க் இல்ல தம்பி" என்றேன். அம்மா அழுதுகொண்டே, "எங்கிட்ட பேச ஆரம்பிச்சா வாய் மூட மாட்டான்ணே, இவனா?" என்றார்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு சோதனையின் நம்பகத்தன்மையை 0-க்கும் 1-க்கும் நடுவே ஓர் எண்ணால் சொல்வார்கள். ஒரே குழந்தைக்குத் திரும்ப எடுத்தால் ஏறக்குறைய அதே இடம் வருமா என்பதுதான் அது. 0.91 என்று வைத்துக்கொள்வோம். நல்ல சோதனைதான், குறை சொல்ல முடியாது. 1-லிருந்து 0.91-ஐக் கழித்தால் 0.09. அதன் வர்க்கமூலம் 0.3. திட்ட விலக்கம் 15-ஆல் பெருக்கினால் 4.5. இதற்குப் பெயர் அளவீட்டுத் திட்டப் பிழை. 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால் ஏறக்குறைய இதைப்போல் இரண்டு மடங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விட வேண்டும். அதாவது 9 புள்ளி.

ஆக, 74 என்பது 74 இல்லை. 65-லிருந்து 83 வரை எங்கேயோ. ஒரு முனை அறிவுசார் குறைபாடு என்ற எல்லைக்கு உள்ளே. மறு முனை சராசரிக்குச் சற்றே கீழே, எத்தனையோ குழந்தைகள் சாதாரணமாகப் படித்துக்கொண்டிருக்கும் இடம். ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே மாறும் அகலம் இது. இதை மறைத்துவிட்டு 74 என்று மட்டும் எழுதுவது அறிவியல் இல்லை. மொழிப் பிழையையும் பழைய வரிசையையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. இது கருவி ஒழுங்காக இருக்கும்போது வரும் பிழை மட்டும்.

இப்போது லிஃப்டில் பார்த்த அந்த 100-க்கும் 104-க்கும் வாருங்கள். இரண்டு எண்களின் வித்தியாசத்துக்குப் பிழை இன்னும் அதிகம், இரண்டிலும் பிழை இருப்பதால். மேலே சொன்ன சோதனையிலேயே 12, 13 புள்ளியாவது வித்தியாசம் இருந்தால்தான் அதை நம்பிப் பேச முடியும். நான்கு புள்ளிப் பெருமை காற்றில் போச்சு.

(பையன் கதை கேட்பவர்களுக்கு: தமிழ் தெரிந்த, பதிவு பெற்ற ஒரு கிளினிக்கல் உளவியலாளரிடம் மறுபடி கூட்டிப்போனார்கள். அவர் மூன்று நாள் தனித்தனியாகப் பார்த்தார். சொல் தேவைப்படாத பகுதிகளில் பையன் வயதுக்கு ஏற்றபடி இருந்தான். இங்கிலீஷ் படிப்பதில்தான் சிக்கல், அதற்கு மட்டும் உதவி போதும் என்றார். அவர் ரிப்போர்ட்டில் எண்ணோடு வீச்சும் இருந்தது, மொழியும் இருந்தது. செய்யத் தெரிந்தவர்கள் இதே ஊரில் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.)

ஒரு புள்ளியின் விலை

இது வெறும் லிஃப்டுப் பெருமை விஷயம் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். எண்ணுக்குச் சட்டத்தில் விலை இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. 1995-ஆம் வருடச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதிய சட்டத்தில் 21. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உள்ளே வந்தது. நல்ல காரியம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று வேண்டும். 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், அறிவுசார் குறைபாட்டுக்கு வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலின் எண் 55-லிருந்து 69 வரை என்றால் 50 சதவீதம். 70-லிருந்து 84 வரை என்றால் 25 சதவீதம். அதாவது 69 வாங்கிய குழந்தைக்குச் சான்று உண்டு, 70 வாங்கிய குழந்தைக்கு இல்லை. 2024-இல் திருத்திய வழிகாட்டுதல் வந்தது. ஆனால் கோட்டை எங்கே போட்டாலும் கதை இதுதான்: கோடு கத்தி முனை மாதிரி மெல்லிசு, எண்ணோ கடப்பாரை மாதிரித் தடிமன்.

நிர்வாகத்துக்கு ஒரு கோடு தேவை, புரிகிறது. பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்கும் வயதுக் கோடு இருக்கிறது. ஆனால் வயதில் பிழை இல்லை, இதில் பிழை இருக்கிறது. கோட்டுக்கு அருகே வரும் குழந்தைக்கு இன்னொரு சோதனை, இன்னொரு நாள், அதன் தாய்மொழியில் என்று கேட்பது சலுகை கேட்பது இல்லை, பிழையை மதிக்கச் சொல்வது.

மூளைப் பயிற்சி என்னும் மாயம்

"எங்கள் மையத்தில் ஆறே மாதத்தில் ஐ.க்யூ. ஆறு புள்ளி கூடியது." இந்த மாதிரி விளம்பரம் பார்க்காதவர்கள் கை தூக்குங்கள்.

நம்பகத்தன்மை 0.80 உள்ள ஒரு சோதனையில் 70 வாங்கிய குழந்தைகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே செய்ய வேண்டாம். பயிற்சியும் வேண்டாம், பாதாமும் வேண்டாம். திரும்பச் சோதனை வையுங்கள். அவர்கள் சராசரியாக 76 வாங்குவார்கள் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். சராசரியிலிருந்து 30 புள்ளி கீழே. அதில் 0.80 பங்கு, அதாவது 24 புள்ளிதான் நிலைக்கும். மீதி ஆறு, அன்றைக்குக் காய்ச்சல், தூக்கம், பயம், துரதிர்ஷ்டம். மறுநாள் அதே துரதிர்ஷ்டம் எல்லோருக்கும் திரும்ப வருவதில்லை. இதற்குப் புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர், பயிற்சி மையத்தில் "எங்கள் வெற்றி" என்று பெயர். அதே கேள்விகளை ஒருமுறை பார்த்த பழக்கத்தில் கூடும் புள்ளிகள் வேறு.

சோதித்துப் பார்க்க வழி ஒன்றுதான். பயிற்சி எடுக்காத அதே மாதிரிக் குழந்தைகள் எவ்வளவு கூடினார்கள் என்று கேளுங்கள். பதில் வராது. டீ வரும்.

பள்ளி முழுக்க ஸ்க்ரீனிங் என்பதிலும் இதுபோல் ஒரு பொறி உண்டு. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 1000 குழந்தைகள். அதில் உண்மையாகவே சிக்கல் உள்ளவர்கள் 50 பேர். சோதனை இரு பக்கமும் 90 சதவீதம் சரி. அப்போது 50-இல் 45 பேரைப் பிடிக்கும். மீதி 950-இல் 95 பேரைத் தவறாகப் பிடிக்கும். மொத்தம் 140 வீட்டுக்குக் கடிதம் போகும், அதில் 45 வீட்டுக்குத்தான் உண்மை. மூன்றில் ஒன்றுகூட இல்லை. கடிதம் வந்ததும் ஊர்ப் பெரியவர்களுக்குப் போன் போட்டு அழுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதம் தீர்ப்பு இல்லை, அடுத்த படிக்குச் சீட்டு.

விரல் ரேகை அண்ணாச்சிகள்

இவர்களை விட்டுவிடுவேன் என்று நினைத்தீர்களா?

டி.எம்.ஐ.டி. என்று பெயர். "அறிவியல், நூற்றுக்கு நூறு துல்லியம்" என்பார்கள். ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். விரல் ரேகைக்கு நம்பகத்தன்மை ஏறக்குறைய முழுசு. இன்று எடுத்தாலும் பத்து வருடம் கழித்து எடுத்தாலும் அதே ரேகை. பத்திரப் பதிவுக்கும் ஆதாருக்கும் அதனால்தான் எடுக்கிறார்கள்.

ஆனால் நம்பகம் வேறு, ஏற்புடைமை வேறு. அளக்கிறேன் என்று சொன்னதைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை. என் காலிப்பரால் உங்கள் காது நீளத்தை அரை மில்லிமீட்டர் பிசகாமல் திரும்பத் திரும்ப அளந்து தருவேன். அதிலிருந்து நீங்கள் ஐ.ஐ.டி. போவீர்களா என்று சொன்னால் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். ரேகையிலிருந்து மூளைத் திறன் சொல்வதும் அதேதான். இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே 2019-இல் இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அறிக்கை விட்டது.

"ஆனா சார், என் பெண்ணைப் பற்றி அப்படியே சொல்லியிருந்தாங்களே!" சொல்லியிருப்பார்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்குச் சோதனை வைத்து, ஆளுக்கொரு குணநல அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26. அப்புறம்தான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை! "உங்கள் குழந்தைக்குத் திறமை இருக்கிறது, ஆனால் முழுதாக வெளிவரவில்லை" என்ற வாக்கியம் எந்த வீட்டில் பொருந்தாது? ஊரில் கிளி ஜோசியக்காரர் இதை ஒரு நெல்மணிக்குச் சொல்வார். இங்கே ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள்.

அப்போ டெஸ்டே வேண்டாமா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வேண்டும். கண்டிப்பாக வேண்டும்.

இந்தப் பதிவைப் படித்துவிட்டு, "பாத்தியா, எல்லாம் ஏமாத்து, நம்ம பையனுக்கு ஒண்ணுமில்ல" என்று பேப்பரைக் கிழித்துப் போடப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அதுவும் பெரும் பிழை. பிழை வீச்சு இரண்டு பக்கமும் போகும். 74 என்பது 83 ஆக இருக்கலாம் என்றால் 65 ஆகவும் இருக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற குழந்தையை "சோம்பேறி" என்று அடித்தே ஐந்தாம் வகுப்பு வரை ஓட்டிய வீடுகள் நம்மிடம் நிறைய. அந்தக் குழந்தைகளுக்கு ஒழுங்கான சோதனை வரம். தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் என்று சலுகைகள் இருக்கின்றன. வெட்கப்பட்டு மறைப்பதால் இழப்பு குழந்தைக்குத்தான்.

நான் கேட்பது சோதனையை நிறுத்தச் சொல்லி அல்ல. ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி.

ஆகவே அடுத்த முறை போகும்போது இந்த ஐந்தைக் கேளுங்கள். தயங்காமல், மரியாதையாக.

1. எந்தச் சோதனை, எந்த வருடப் பதிப்பு? ஒப்பிட்ட குழந்தைகள் எந்த ஊர், எந்த மொழி?
2. என் பிள்ளைக்கு எந்த மொழியில் எடுத்தீர்கள்? வீட்டு மொழி தமிழ் என்று குறித்துக்கொண்டீர்களா?
3. எண்ணோடு பிழை வீச்சை எழுதித் தருவீர்களா?
4. மொத்த எண் மட்டும்தானா? சொல் சார்ந்த பகுதி, சொல் சாராத பகுதி தனித்தனியாக எங்கே?
5. சோதனை எடுத்தவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற கிளினிக்கல் உளவியலாளரா?

நல்லவர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷப்படுவார்கள். கோபப்படுகிறவர்களிடமிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

பெரிய இடங்களுக்கும் ஒரு வார்த்தை. ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. கற்றல் குறைபாட்டுச் சான்றுக்கு நாடு முழுக்க அவர்கள் தொகுத்த சோதனைத் தொகுப்பைத்தான் 2018 வழிகாட்டுதல் சொன்னது. மைசூர் ரோட்டில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் மையம் இருக்கிறது. மனமும் புள்ளியியலும் இப்படி ஒரே ஊரில் அமைவது எத்தனை ஊருக்குக் கிடைக்கும்? தமிழ், தெலுங்கு, உருது, கன்னடம் என்று வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றும் பேசும் குழந்தைகள்தான் இந்த நகரத்தின் சாதாரணக் குழந்தைகள். அவர்களுக்கென்று ஒரு வரிசை தேவை. இங்கே செய்யாவிட்டால் வேறு எங்கே செய்வார்கள்?

நம் பங்கும் உண்டு. நம் சங்கங்களில் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைக்கிறோம், நல்லது. கணவனா மனைவியா என்று தீர்ப்பு சொல்லி முடித்த பிறகு, ஒரே ஒரு மாலை நேரம் தமிழ் தெரிந்த ஒரு உளவியலாளரைக் கூப்பிட்டுப் பெற்றோருக்குப் பேச வைக்கலாம். எந்த மையத்தில் தமிழில் சோதனை எடுக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் தயாரிக்கலாம். புதிதாக ஊரிலிருந்து வந்து இறங்கும் குடும்பத்துக்கு வீட்டு புரோக்கர் நம்பரைவிட அது உதவும்.

அதுவரை, யாராவது உங்கள் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதி நீட்டினால் முதலில் கேளுங்கள்: "கூட்டல் கழித்தல் எவ்வளவுங்க?"

பி.கு.: இந்தப் பதிவை அச்செடுத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சண்டை போட வேண்டாம். டீச்சர் பாவம், அவர் சொன்னது "ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்றுதான். ஐந்து கேள்விகளை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் சோதனை எடுத்த அனுபவம் உள்ளவர்கள் பின்னூட்டத்தில் சொன்னால் மற்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.